சாமிக்கு முன்னால் வைத்த கொம்பியூட்டர்

என் கலியாணத்தை முடிவு செய்தது ஒரு டிஸ்க் என்று சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று எங்கள் தீவில், கரம்பொனில், அந்த மெசினுக்கு முன்னால் வியர்த்து வடிய நின்றது நான்தானே.

எண்பதுகளின் கடைசி. ஜேர்மனியில் இருந்த அண்ணா அனுப்பிய கொம்பியூட்டர் ஒன்று எங்கள் முன்னறையில் இருந்தது. அதே அண்ணாதான் அங்கே எனக்கு ஒரு மாப்பிள்ளையையும் பார்த்து வைத்திருந்தார். படத்தில் மட்டும் கண்ட மனிதர். எனக்குப் போக விருப்பமில்லை, துளிகூட இல்லை. யாழ்ப்பாணம் டவுனில் படித்ததை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கொம்பியூட்டர் வகுப்பு நடத்தப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தீவை விட்டுப் பாலம் தாண்டி, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றி தாண்டிப் பெட்டைகளை டவுனுக்கு அனுப்ப யாருக்கும் துணிவில்லாத காலம். மூன்று வீட்டார் தங்கள் பிள்ளைகளை என்னிடம் விடச் சம்மதித்தார்கள்.

"சரி பிள்ளை, விஜயதசமிக்கு வகுப்புத் தொடங்கினால் கலியாணக் கதையைத் தள்ளி வைப்பம். இல்லாட்டி மறுகதை இல்லை" என்றார் ஐயா.

கரண்ட் இருந்த நேரமெல்லாம் இருந்து பாடங்களைச் செய்தேன். எல்லாம் மெசினுக்கு உள்ளேயே பூட்டியிருக்கும் பெரிய டிஸ்க்கில் இருந்தன. சுவிச்சைப் போட்டால் தானாகவே ஒரு வரவேற்பு வரும், அதன்கீழ் பாடங்கள் வரிசையாக நிற்கும். அதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும்.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு கொம்பியூட்டரையும் வைத்தோம். அம்மாவுக்கும் நான் போவதில் விருப்பமில்லை, வாய்விட்டுச் சொல்லமாட்டார். அந்த முறை பூசையை வழக்கத்தைவிடப் பலமாகச் செய்தார். மெசினுக்குச் சந்தனம் வைத்து, பட்டுத்துணி சாத்தி, மாலையும் போட்டார். பூசைக்கு வைத்ததை விஜயதசமி காலை வரை தொடக் கூடாது. ஒருதரம் போட்டுப் பார்ப்போமா என்று கை துருதுருத்தது. அம்மா முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டேன்.

விஜயதசமியன்று மூன்று பெட்டைகளும் தாய்மாரும் நல்ல நேரத்துக்கே வந்துவிட்டார்கள். கற்பூரம் காட்டி, அவலும் கடலையும் கொடுத்து முடிய, துணியை மேலே சுருட்டிவிட்டுச் சுவிச்சைப் போட்டேன். வரவேற்பு வரவில்லை. கறுத்த திரையில் 'ஏ' என்ற ஒற்றை இங்கிலீசு எழுத்து நின்றது. பெரிய டிஸ்க்குக்குப் போ என்று அடித்தேன். அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்றது.

ஐயோ, செத்தேன் என்று நினைத்தேன். நிப்பாட்டிப் போட்டேன். அதே எழுத்து. மூடியைக் கழற்றி வயர்களை இழுத்துச் செருகினேன், தூசியை ஊதினேன், திரும்பப் போட்டேன். அதே சனியன் பிடித்த எழுத்து. மாதக்கணக்கான வேலை அழிந்துபோய்விட்டது என்றே நம்பினேன். பெட்டைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன பிள்ளை, படுத்திட்டுதோ?" என்றார் ஒரு தாய்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா."

நல்ல நேரம் கழியுமட்டும் பொறுத்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

அவர்கள் போன பிறகுதான் என் மண்டை வேலை செய்தது. 'ஏ' என்றால் முன்பக்கத்து வாய். வெளியிலிருந்து டிஸ்க் போடுகிற வாய். மெசின் ஏன் அங்கிருந்து தொடங்குகிறது? தொங்கிய மாலையை விலக்கினேன். வாயின் பிடி திருப்பிப் பூட்டியிருந்தது. திறந்தால் உள்ளே ஒரு டிஸ்க்! டவுன் வகுப்பில் பழகக் கொடுத்த பழைய டிஸ்க். வாயில் டிஸ்க் இருந்தால் மெசின் முதலில் அதைத்தான் பார்க்கும். அந்தக் கிழட்டு டிஸ்க்குக்கு மெசினுக்குள் பூட்டியிருக்கும் பெரிய டிஸ்க்கை அடையாளம் தெரியாது.

"ஆர் இதுக்குள்ள டிஸ்க் வைச்சது?" என்று கத்தினேன்.

அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தார். "நான்தான் பிள்ளை வைச்சனான். சாமிக்கு முன்னால எதையும் வெறுமையா வைக்கக் கூடாதெல்லே. நீ பூட்டுற மாதிரியே வடிவாப் பூட்டினனான்."

பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட ஒரு பிடி சீனி போட்டுக் கொடுக்கிற மனுசி. டிஸ்க்கை எடுத்துவிட்டுப் போட்டேன். வரவேற்பு வந்தது, பாடங்கள் வந்தன, ஒன்றும் அழியவில்லை. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் வீட்டில், "நல்ல நாள் போயிட்டுது பிள்ளை, இனி அடுத்த வருசம் பாப்பம்" என்றார்கள். இரண்டாவது வீட்டில் படலையே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டுத் தாயிடம் மூச்சு வாங்க விளங்கப்படுத்தினேன். வாயில் ஒரு டிஸ்க் மாறிக் கிடந்ததுதான், மெசினில் ஒரு பிழையும் இல்லை, இப்போது நன்றாக வேலை செய்கிறது, வந்து பாருங்கள் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "மெசின்ல பிழை இல்லையெண்டா, பின்னை எங்கட பிள்ளையளுக்குத்தான் தோசம். அவையள் வந்து நிக்கேக்க வேலை செய்யேல்லை, போனாப் பிறகு செய்யுது. இனி என்னெண்டு விடுறது? ஏலாது பிள்ளை, குறை நினையாதையும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சைக்கிளைத் தூக்கி அவர்கள் கிணற்றுக்குள் எறிந்திருப்பேன். மெசின் பழுது என்று சொல்லியிருந்தாலும் திருத்திவிட்டேன் என்று கூப்பிட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லி என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வர, ஐயா வாசலில் நின்றார். "வருகினமோ?"

"இல்லை."

"அப்ப அண்ணைக்குச் சொல்லுவம்." சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

குசினிக்குள் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்ப மெசின் வேலை செய்யுதோ பிள்ளை?"

"ஓம் அம்மா. நல்லாச் செய்யுது."

"அப்பாடா. அப்ப என்னால ஒண்டும் கெடேல்லைத்தானே?"

"இல்லை அம்மா, ஒண்டும் கெடேல்லை" என்றேன்.

தை பிறந்ததும் என்னை விமானம் ஏற்றினார்கள்.