மூன்றாவது ஆணி

ஜெகதாப்பட்டினத்து மீன் கிடங்கில், குளிரறைக் கதவை ஒட்டிய சுவரில் மூன்று ஆணிகள் இருந்தன. அவற்றில் ஈரத் துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், கிடங்கில் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் பெண்மணி உட்கார்ந்திருந்தார். முதல் நாள் என் குறிப்பேட்டில் அவரைப் பற்றி நான் எழுதியது ஒரே சொல்: ‘வேலையில்லை.’ நான் எழுதியவற்றிலேயே இத்தனை அலட்சியமானது வேறில்லை.

கிடங்குத் தொழிலாளர்களுக்கான செல்பேசிச் செயலி ஒன்றை வடிவமைக்க எங்கள் நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது. பயன்படுத்துவோரை அறிந்தபின்பே வடிவமைக்க வேண்டும் என்று படித்தவன் நான். ஆகவே பெட்டி தூக்குவோர் ஒவ்வொருவரையும் அலுவலக அறைக்கு அழைத்து, அன்றாடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பெட்டி தூக்குகிறோம், அடுக்குகிறோம் என்றார்கள். அதையே செயலியாக்கினேன். பெட்டியைத் தூக்குபவர் அதைக் குளிரறைக்குள் அடுக்கியதும் அதன் சீட்டைத் தம் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். யார் எத்தனை தூக்கினார் என்பது மேலாளரின் திரையில் தெரியும். சோதனையின் முதல் வார முடிவில் எல்லாப் பெயர்களும் பச்சையாக இருந்தன. அக்காவின் பெயர் மட்டும் சிவப்பு. அடுத்த மாதம் முதல் அவர் வேண்டாம் என்று மேலாளர் முடிவெடுத்தார். “ஒக்கார்றதுக்கு ஒரு ஆளா?” என்று என்னிடம் கேட்டார். மணமேல்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அந்தச் சம்பளத்தில் மகளை நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தவர் அக்கா.

என் செயலி ஒருவரின் பிழைப்பைப் பறிக்கப்போகிறது என்றால், அது சரியாகத்தான் பார்த்ததா என்றாவது உறுதிசெய்ய வேண்டும் எனத் தோன்றியது. மறுநாள் கம்பளிக் கோட்டும் கையுறையும் மாட்டி, மற்றவர்களைப் போலத் தோளில் துண்டும் போட்டுக்கொண்டு நானே ஒரு பெட்டியோடு உள்ளே போனேன். கதவருகே அக்கா என் தோளில் கிடந்த துண்டை வாங்கி முதல் ஆணியில் மாட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. உள்ளே, கையுறை விரலுக்குப் போன் திரை அசைந்துகொடுக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அதோடு மல்லுக்கட்டியதில் நேரம் போனதே தெரியவில்லை. கதவை இரும்பால் தட்டும் ஓசை கேட்டது. பிறகு அக்காவின் குரல்.

“போன்காரத் தம்பி, வெளிய வாங்க. ஒங்க துண்டு மூணாவது ஆணிக்கு வந்துருச்சு. இன்னங் கொஞ்சம் நின்னா ஒங்களையும் பெட்டியில அடுக்கி லாரியில ஏத்திருவாங்க.”

வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். மரத்த விரல்களால் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் நின்றபோதுதான் அந்தச் சுவரை நான் உண்மையில் பார்த்தேன். உள்ளே போகிறவரின் துண்டு முதல் ஆணியில் ஏறும். நேரம் ஆக ஆக அக்கா அதை அடுத்த ஆணிக்கு நகர்த்துவார். மூன்றாவது ஆணிக்கு வந்துவிட்டால், எந்தப் பெட்டி பாதியில் கிடந்தாலும் துண்டுக்குரியவர் வெளியேற வேண்டும். மீதியை அடுத்தவர் முடிப்பார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஒருவரிடம் கேட்டேன். “நீங்க எங்க வேலையத்தானே கேட்டீங்க” என்றார்.

பிழை தொழிலாளியுடையதல்ல, என் வடிவமைப்பினுடையது என்று நிறுவனத்துக்கு எழுதினேன். ஆளுக்கு ஆள் எண்ணும் முறையை நீக்கினேன். ஸ்கேன் செய்வது குளிரறைக்கு வெளியே, அக்காவின் கைக்கு வந்தது. திரையில் மூன்று ஆணிகளை வரைந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் துண்டு வைத்தேன். விசைப்படகுகள் ஒருசேரக் கரைதிரும்பிய ஒரு நாளில், மேலாளர் பக்கத்தில் நிற்க, அதை ஓட்டிப் பார்த்தோம். பெட்டிகள் வாசலில் தேங்கவில்லை. ஐஸ் உருகுமுன் எல்லாம் உள்ளே போயின. எவர் விரலும் மரத்துப்போகவில்லை. அக்கா இருக்கட்டும் என்றார் மேலாளர்.

அக்காவோ போனை வாங்கித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “எல்லாரும் இருக்காங்க. நான் எங்க தம்பி?”

அவர் கண்ணைக் கடன்வாங்கித்தான் அத்தனையையும் வரைந்திருந்தேன். அவரை மட்டும் இரண்டாம் முறையாக விட்டிருந்தேன். அன்று மாலையே திருத்தினேன்.

இப்போது கதவுப் பொறுப்பாளராக அக்கா திரையில் தம் பெயரைத் தொட்டுத் திறந்தால்தான் அந்தக் கிடங்கில் அன்றைய வேலை தொடங்கும். சென்ற மாதம் நான் போயிருந்தபோது வாசலில் லாரி வந்து நின்றிருந்தது. மேலாளர் போனை நீட்டியபடி அக்காவின் முன்னால் காத்திருந்தார்.

“வாரேன் சார்” என்றார் அக்கா. டம்ளரில் இன்னும் பாதி டீ இருந்தது.