அழுவுனா என் கை அழுவட்டும்

குமராட்சிப் பக்கம் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் கலைமணியிடம்தான் சொல்வார்கள். எங்கள் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள். இருபது வருடம் அடுத்தவர் சேற்றில் குனிந்தவளுக்குப் போன வருடம்தான் அம்மா வீட்டுப் பாகமாக அரைக் காணி நிலம் வந்தது. அது விளைந்தால் இனி கூலிக்குக் குனிய வேண்டாம். விளையாவிட்டால் பழைய கதைதான்.

சம்பா நடவன்று அண்டாத் தண்ணீரில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரப் பொட்டலங்களைக் கரைத்தாள். நாற்று வேரை அதில் அரை மணி நேரம் ஊறவைத்து நட வேண்டுமாம். பக்கத்து வயல் உத்திராபதி வரப்பில் வந்து நின்றார். முந்தின வருடம் இலைக்கருகல் நோயில் அவர் பயிர் பாதி போயிற்று. அதற்கு பாக்டீரியாதான் காரணம் என்று யாரோ சொன்னதிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே அவருக்கு ஆகாது.

"நோய்க்கிருமிய பாக்கெட்டுல வாங்கியாந்து கரைக்கிறா பாரு. சேத்துப்புண்ணுல பட்டா கை அழுவிப் போயிடும், ஆமா!"

சேற்றுப்புண் இல்லாத கை எங்களில் யாருக்கு? அத்தனை பேரும் வரப்பேறிவிட்டோம். நானும்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பறித்த நாற்று வெயிலில் வதங்க ஆரம்பித்தது. கலைமணி யாரையும் கெஞ்சவில்லை.

"தயிருலகூட கிருமிதான் இருக்கு மாமா. நீங்க திங்கிறதில்லியா?" என்றவள், வெடித்துக் கிடந்த இரண்டு கைகளையும் முழங்கைவரை அண்டாவுக்குள் விட்டாள். "அழுவுனா என் கை அழுவட்டும்."

நாற்று வேர்களை உள்ளே அமுக்கி ஊறவைத்து, அரை மணி கழித்து ஒற்றை ஆளாக நட இறங்கினாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ரோஷக்காரி.

அவள் நாலு வரிசை முடிப்பதற்குள் எங்களில் மூத்தவளான சவரியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "பாவி, தனியா சாவுறா. வாங்கடி!" அப்புறம்தான் எங்களுக்கும் கால் நகர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வாரம் முழுக்க எங்கள் கைகளையே பார்த்தார்கள். ஒருத்தி விரல்கூட அழுகவில்லை.

அந்தக் கிருமியே தழைச்சத்து தரும் என்று யூரியாவையும் குறைத்தே போட்டாள். தையில் அறுத்தபோது உத்திராபதி வயலைவிட காணிக்கு நாலு மூட்டை ஜாஸ்தி. அவர் வந்து மூட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். பாராட்ட வாய் வருமா?

"எல்லாம் மண்ணு ராசி. சரி, திங்கக்கெழம எனக்கு கோடை நடவு. ஆளுங்கள கூட்டிக்கிட்டு வந்துடு."

இருபது வருடத்தில் அவர் கூப்பிட்டு அவள் போகாத நடவு கிடையாது. கலைமணி நிமிர்ந்தே நின்றாள்.

"நான் வரல மாமா. என் வயல்ல வேல கெடக்கு."