வெட்டாமல் விட்ட திராட்சை

அந்தப் படத்தில் நான் ஐந்தாவது உதவி இயக்குநர். என் கையில் இருந்தது கண்டினியூட்டி நோட்டு மட்டும். முந்தின ஷாட்டில் எது எங்கே இருந்ததோ, அடுத்த ஷாட்டிலும் அங்கேயே இருக்க வேண்டும். அதை எழுதி வைப்பதுதான் வேலை. அவரிடம் வேலை பார்த்த நான்கு வருடத்தில் டைரக்டர் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரு பாட்டுக்குத் திராட்சைத் தோட்டம் வேண்டும் என்று பேச்சு வந்தபோதுதான் பார்த்தார்.

அனுமந்தன்பட்டியில் என் அக்கா வீட்டுக்காரர், மச்சான், ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை போட்டிருந்தார். ஆர்ட் டிபார்ட்மென்ட் வேனில் இரண்டு மூட்டை பிளாஸ்டிக் குலை வந்திருந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேன்.

"இதெல்லாம் எதுக்கு சார், எங்க மச்சான் பந்தல்ல நெசக் காயே தொங்குது" என்றேன். டைரக்டர் தோளில் தட்டினார். அந்தத் தட்டலுக்கு நான் எதையும் கொடுத்திருப்பேன். கொடுத்தது மச்சானுடையதை.

பாதிப் பாட்டு எடுத்ததும் ஹீரோ வேறு படத்துக்குப் போய்விட்டார். நான்கு நாளில் வருவாராம். அதுவரை பந்தலில் ஒரு குலையும் குறையக் கூடாது. மறுநாள் வெட்டுக்கு மச்சான் வியாபாரியை வரச் சொல்லியிருந்தார். அந்த வெட்டை நம்பித்தான் அக்கா மகளை நர்சிங் சேர்ப்பதாக இருந்தார்கள்.

"பழுத்தத விட்டுவச்சு மழை பேஞ்சா வெடிச்சுப்போகும் மாப்ள" என்றார்.

"நாலே நாள் மச்சான். என் பொழப்பே இதுலதான் இருக்கு."

மனைவியின் தம்பி கேட்டு இல்லையென்று சொல்கிறவர் இல்லை அவர். அது தெரிந்துதான் கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக்குப் போன் போட்ட ஒவ்வொரு முறையும் "நாளைக்கு" என்றார்கள். ஏழாம் நாள் மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் காயெல்லாம் வெடித்துச் சாறு வழிய, பந்தல் முழுக்கக் குளவி. வியாபாரி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"வந்துருவாக வந்துருவாகன்னியேலே. பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?" என்றாள் அக்கா.

ஒன்பதாம் நாள் ஹீரோ வந்தார். டைரக்டர் பந்தலைப் பார்த்து மூக்கைப் பொத்தினார். "இது மேட்ச் ஆகாது. அந்த பிளாஸ்டிக்க எடுத்துக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் குடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். மூட்டை முதல் நாளிலிருந்து வேனிலேயே கிடந்தது.

கெட்ட காயை வெட்டிக் கொட்டிவிட்டு, நோட்டைப் பார்த்துப் பார்த்து நான்தான் கட்டினேன். ஆள் போதவில்லை. யாரும் கூப்பிடாமலே மச்சானும் வந்து கட்டினார். மூன்றாம் வரிசை, பதினொரு குலை. காம்பை இலைக்குள் மறைத்து, உண்மையாய்க் காய்த்ததுபோலத் தொங்கவிட்டார்.

கடைசிக் குலையில் ஒரு காயை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இது மழைக்கு வெடிக்காதுல்ல மாப்ள?"

"வெடிக்காது மச்சான்" என்று சொல்லி, நோட்டில் டிக் போட்டேன்.