ஒரு குடம் புழுக்கம்

நான் பிறந்த ஊரில் இருப்பது வெக்கை. வாழ வந்த ஊரில் இருப்பது புழுக்கம். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் இரண்டில் ஒன்றை அனுபவிக்காதவர்கள். கமுதிப் பக்கத்துக் கரிசல் காட்டில், சித்திரை வெயிலில் பாவாடையைப் பிழிந்து முள்வேலியில் போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்து விறைத்து நிற்கும். வேர்த்ததே தெரியாது. சாயங்காலம் ரவிக்கையில் வெள்ளைக் கோடாக உப்பு மட்டும் இருக்கும்.

கல்யாணமாகித் தங்கச்சிமடம் வந்த முதல் சித்திரையில் எனக்கு ஏதோ சீக்கு என்றே நினைத்தேன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் வேர்த்தது. குளித்துவிட்டு வந்தால் துடைக்கத் துடைக்க வேர்த்தது. ஜாடியில் உப்பு கசிந்தது. பொரித்த அப்பளம் தட்டுக்கு வருவதற்குள் நமுத்தது. 'தண்ணியில்லாக் காடு' என்று ஊர் உலகமே கேலி செய்கிற மாவட்டத்தில், குடத்தில் இல்லாத தண்ணீரெல்லாம் காற்றில் இருந்தது. வெயில்கூட எங்கள் ஊர் வெயில் போல முகத்தில் அறையாது. வெள்ளையாகப் பூத்து, கடல் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், பகல் முழுக்க அரைத் தூக்கத்திலேயே மிதக்கும். தென்னையும் படகும் தெருநாயும் நானும் அசையாமல் எதற்கோ காத்திருப்போம்.

என் வீட்டுக்காரர் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். கடலுக்குப் போகாமல் ஏசி மெக்கானிக் ஆனவர். ராமநாதபுரத்தில் நான் பில் போட்ட துணிக்கடைக்கு ஏசி பார்க்க வந்தார். ஒரே ஏசி அத்தனை தடவை கெட்டுப்போகாது என்று முதலாளிக்குப் புரிவதற்குள் எங்களுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர்கள், நாங்கள் குலசாமி கும்பிடுகிற சம்சாரி வீடு, காட்டு வெள்ளாமைக்காரர்கள். என்னைப் பெற்ற அய்யா கல்யாணத்துக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பந்தியில் கை நனைக்காமல் போனார்.

பிறகு இரண்டு வருஷம் அய்யா என்னோடு போனில் பேசுவார், மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு ஏழாம் மாதம் வந்ததும் பிரசவத்துக்கு அழைத்துப்போக அவரே வந்தார். என் கவலையெல்லாம் ஒன்றுதான். மாமனார் வாய் திறந்து 'வாங்க' என்று சொல்லாமல் மாப்பிள்ளை அந்த வீட்டுப் படி ஏறுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. பிள்ளை பிறந்து, அதன் தகப்பன் முகம் பார்க்க வர முடியாமல் போனால்? இதை அய்யாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வந்த அன்று அய்யா ஒரு சாக்கு மிளகாய் வத்தல் கொண்டுவந்திருந்தார். எல்லாம் எங்கள் காட்டில் விளைந்த குண்டு வத்தல். "இன்னும் ஒரு வெயில் காட்டணும். மாடி எங்கன இருக்குன்னு கேளு" என்றார், சுவரைப் பார்த்து. மூன்றடி தள்ளி நின்ற என் வீட்டுக்காரர், "மேல வலது பக்கம்னு சொல்லு" என்றார். நான் நடுவில் தந்திக் கம்பியாக நின்றேன்.

சாயங்காலம், "வத்தலை அள்ளிருவோம்யா" என்றேன். "வத்தல் காயப்போட எனக்கு நீ சொல்லித்தாரியாக்கும்?" என்றார். எங்கள் ஊரில் வத்தல் களத்திலேயே நாள்கணக்கில் கிடக்கும். வத்தல் ராத்திரியும் மாடியிலேயே கிடந்தது.

மறுநாள் காலையில் மாடியிலிருந்து அய்யாவின் குரல் கேட்டது. ஏறிப் போனேன், பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வந்தார். கலகலவென்று சத்தம் போட வேண்டிய வத்தல் துவண்டு, கையில் ஒட்டியது. மழை பெய்யவில்லை. அய்யா ஒன்றைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "யாரு இதுல தண்ணி தெளிச்சது?" என்றார்.

எடை கூட்டுவதற்காக வத்தலில் தண்ணீர் தெளிப்பது மிளகாய்ச் சம்சாரியின் அகராதியில் களவு. அந்தக் கேள்வியை ஒருவன் வீட்டில் நின்று கேட்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். இத்தோடு முடிந்தது, என் பிள்ளைக்கு ஒன்று அப்பா வீடு, இல்லை தாத்தா வீடு, இரண்டும் சேர்ந்து கிடையாது என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. வத்தலை விரித்திருந்த போர்வையோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். ஏசி இருக்கிற ஒரே அறையில் பரப்பினார். கதவைச் சாத்தி ஏசியைப் போட்டார். வெளிச்சுவரில் தண்ணீர் வடியும் குழாயின் நுனியைக் காலிக் குடம் ஒன்றில் விட்டார். "மத்தியானம் வரைக்கும் பொறுக்கச் சொல்லு" என்றார் என்னிடம்.

நான் பக்கத்து அறையில் படுத்தேன். வயிற்றுக்குள் பிள்ளை மெல்லப் புரண்டது. சன்னலுக்கு வெளியே சொட்டு, சொட்டு, சொட்டு. கண் செருகியது. எங்கள் ஊர்க் கண்மாயில் மழை விழுவதாகக் கனவு கண்டேன். கரிசல் வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அய்யா தலையில் துண்டில்லாமல் நனைந்துகொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

விழித்தபோது சொட்டுகிற சத்தம் மாறியிருந்தது. சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அய்யா குடத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். குடம் முக்கால் நிறைந்திருந்தது. கையில் ஒரு வத்தல், ஆட்டினால் விதை கலகலத்தது. என் வீட்டுக்காரர் சற்றுத் தள்ளி நின்றார்.

"மாடியில போயி பாத்தேன். இந்தக் குழாய்க்கு டேங்க் எதுவும் இல்ல" என்றார் அய்யா. சுவரைப் பார்க்கவில்லை. "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது, மாப்ள?"

நான் சன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"காத்துலேருந்துதான் மாமா. நமக்கு வடக்க ஒரு கடலு, தெக்க ஒரு கடலு. வடகடல் ஆழமே கெடையாது, தாம்பாளத்துல ஊத்துன தண்ணி மாதிரி சட்டுனு சுட்டுப்போகும். ஆவி ஏறும். காத்து சூடா இருந்தா நெறையக் குடிக்கும். வயிறு முட்டக் குடிச்ச காத்து நம்ம வேர்வைய எங்கன வாங்கும்? வேர்வை காயாம ஒடம்பு மேலயே நிக்கும். பொழுது சாஞ்சு குளுந்தா தாங்கமாட்டாம, கெடச்ச எடத்துல எறக்கி வச்சிட்டுப் போயிரும். ராத்திரி வத்தல்ல எறக்குச்சு, இப்ப ஏசிக் குளிர்ல எறக்குது. துபாய்ல ரெண்டு வருஷம் இருந்தேன், அங்கனயும் இதே கதைதான். முதுகுக்குப் பின்னால பாலைவனம், ஆனா கடக்கரையில சட்டையைப் பிழியலாம்."

அய்யா விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "கடத்தண்ணின்னா கரிக்கணுமே?"

"உப்பக் கடல்லயே விட்டுட்டுத்தான் மாமா ஏறும்."

அய்யா குடத்தை ஒரு கையால் தூக்கிக் கனம் பார்த்தார். "இந்தக் குடத்துக்கு எங்கூருப் பொம்பளைக எம்புட்டுத் தூரம் நடக்காளுக" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப யாரும் தண்ணி தெளிக்கல."

"இல்ல மாமா."

"கடலு தெளிச்சிருக்கு."

அய்யா மன்னிப்புக் கேட்டு நான் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மத்தியானம் இலை போட்டோம். கை நனைத்தார். இரண்டாம் தடவை மீன் குழம்பு கேட்டு வாங்கினார், அதையும் என்னிடம் கேட்கவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்த மாப்பிள்ளையிடம் அய்யா படிக்கட்டில் நின்றபடி, "பிள்ளை பொறந்ததும் வாங்க மாப்ள. நாலு நாளு தங்குற மாதிரி வாங்க" என்றார். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்திருக்கிறது. பஸ் நகரும்போது குனிந்து, "எங்க வீட்டுல புழுக்கம் எல்லாம் கெடையாது" என்றார்.

அவர் சொன்னது காற்றைத்தான். நான் பாம்பன் பாலம் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன்.