வலைக்கண் வழியே ஏறிய கொடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எங்கள் கரையோர வேடர் குடியிருப்பில் அதை முதலில் தெரிந்துகொண்டவள் என் மகள்.

முழங்கால் வீங்கி நான் கிடந்த வருஷம், முன்னோருக்குப் படைக்கக் காட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டிவர அவளை அனுப்பினேன். அவளுக்குத் திருகோணமலை நகரத்தில் கடையொன்றில் வேலை. லீவு போட்டு வந்திருந்தாள். எனக்குப் பிறகு அந்தக் காட்டை அறிய வேறு ஆளில்லை. மத்தியானம் தொடைப் பருமனில் ஒரு கிழங்கைக் கொண்டுவந்து குசினியில் அடுப்பருகே போட்டாள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடி முளைக்கும் தலைப்பக்கமும் அதிலேயே இருந்தது. எங்கள் ஆட்கள் கிழங்கை எடுத்தால் தலையைத் திரும்பக் குழியில் புதைத்துவிட்டுத்தான் வருவார்கள். அடுத்த மழைக்கு அதுதான் தழைக்கும்.

“இதை நான் அவிக்க மாட்டன்” என்றேன்.

“ஒரு துண்டுக்கு இவ்வளவு கதையா அம்மா?”

“விதைநெல்லை ஆராவது குத்தித் தின்பினமா? தலையைக் கொண்டுபோய்க் குழியில தாட்டுப்போட்டு வா.”

அவள் கத்தியை எடுத்தாள். தலையை வெட்டிப் பையில் போட்டு, வேலியோரம் கிடந்த எதையோ சுருட்டி எடுத்துக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தாள். பொழுதுபட வந்தவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயம். வழியில் எறிந்துவிட்டு வந்திருந்தால், எல்லாம் என்னோடு முடிந்தது என்றல்லவா அர்த்தம்? மீதிக் கிழங்கை அவித்துப் படைத்தேன்.

மாரி முடிந்து, கால் சுகமாகி, மகளும் திரும்ப லீவில் வர, இருவருமாகக் காட்டுக்குப் போனோம். நான் முன்பு தலை தாட்ட இடங்களையெல்லாம் காட்டுப்பன்றி கிளறிப் போட்டிருந்தது. வாய்க்கு வந்தபடி பன்றியைத் திட்டினேன். மகள் என்னை ஒரு பாலை மரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே எங்கள் கிழிந்த மீன்வலை. மண்மேல் விரித்து, சுற்றிவரக் கம்பு அடித்து இறுக்கியிருந்தாள். வலைக்கண் வழியே கொடி எழும்பி மரத்தில் ஏறியிருந்தது. ஓரத்தில் பன்றி முட்டிப் பார்த்த அடையாளம் மட்டும் இருந்தது.

குந்தியிருந்து இலையைத் தொட்டேன்.

“வேலியடியில வேற கிழிஞ்ச வலையும் கிடக்குதா, புள்ள?”

“ஓம், கிடக்குது. ஏன், எங்கட முன்னோர் இப்பிடி வலை விரிச்சவையோ?”

“நாளைக்கு நாங்களும் முன்னோர்தானே” என்றேன். “வா, போய் எடுத்துவருவம்.”