பதினாறா, இருபதா

லாபுவில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் சத்தியசீலனுக்கு வழியில் ஒருவர் வணக்கம் சொன்னால், எதற்காகச் சொன்னார் என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் அவர் திருப்பிச் சொல்வார். கடைக்காரர் பதினேழு என்று எடுத்துக் கொடுக்கும் ஸ்பேனரை நட்டில் மாட்டிப் பார்த்த பிறகுதான் பதினேழு என்று ஒப்புக்கொள்வார். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. ஆளை நம்பி அவர் ஒரு திருகுகூட முறுக்கியதில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் குணம் அவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வயதில் குலைகளைத் தரம் பார்க்கும் மேட்டில் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டத்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குலைகளைக் கொட்டும். ஒவ்வொரு ஓட்டுநரும் இறங்கும்போதே "எல்லாம் பழுத்த குலைண்ணே" என்பார். சத்தியசீலன் கொக்கியால் புரட்டிப் பார்த்தால் அடியில் காய் இருக்கும், நீளக் காம்பு இருக்கும், அழுகலும் இருக்கும். நூற்றுக்கு இத்தனை என்று எடையில் குறைத்துவிடுவார்கள். அதற்குக் கழிவு என்று பெயர். கழிவு போடாமல் ஒரு லாரியும் மேட்டைவிட்டு இறங்கியதில்லை. நான்கு வருடம் அதைச் செய்தவருக்கு, மனிதர் சொல்லுக்கும் கழிவு உண்டு என்பது எலும்பில் ஊறிவிட்டது.

பிறகு ஆலையின் லாரிப் பட்டறைக்கு மாற்றினார்கள். அங்கேதான் டர்போவைக் கழற்றிப் பார்த்தார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் சக்கரம் பெரிதானால் காற்று அதிகம் வரும், சுழல நேரம் பிடிக்கும். சிறிதானால் சட்டென்று சுழலும், வேகம் ஏறியபின் மூச்சு முட்டும். படிப்புச் சான்றிதழ் எதுவும் இல்லாமல், திறந்து, அளந்து, மூடி, மறுபடி திறந்து அவர் இதைக் கற்றுக்கொண்டார். சொந்தப் பட்டறை தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆயிற்று. தான் மாட்டிய டர்போவைத் தானே கழற்ற வேண்டி வந்ததில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை.

ஒரு புதன்கிழமை புனிதா தன் பழைய சத்ரியா காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். லாபுவில் வீடு, நீலாயில் தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. வயது முப்பத்து நான்கு. ஒன்று புள்ளி எட்டு லிட்டர் டர்போ எஞ்சின் ஏற்கெனவே உள்ளே இருந்தது. வாரநாளில் அந்தக் காரில்தான் வேலைக்குப் போவாள். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு அதே காரில் நானூறு மீட்டர் கார்ப் பந்தயத் திடலுக்குப் போவாள். அவளிடம் வேறு வண்டி கிடையாது.

"பழைய டர்போ எண்ணெய் கக்குதுண்ணே. மாத்தணும். அதுக்கு முன்னாடி இத படிங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

இரண்டு வாரம் அவள் வேலைக்குப் போய்வந்த கணக்கு அதில் இருந்தது. எஞ்சின் பெரும்பாலும் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கும் மூவாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கும் நடுவில் ஓடுகிறது. நாளுக்கு நான்கைந்து தடவை குலை லாரியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. தாண்டுவது மூன்றாவது கியரில், இரண்டாயிரத்து எண்ணூறிலிருந்து. கடைசி வரியில், நானூறு மீட்டருக்குப் பதின்மூன்றரை விநாடி, அது போதும் என்று எழுதியிருந்தாள்.

சத்தியசீலன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

"இத யாரு எழுதினது?"

"நான்தான்."

"ஓட்டுறது?"

"அதும் நான்தான் லா. வேற யாரு, எங்க மாமாவா?"

"பதிமூணரை போதுமா?"

"போதும்."

அந்த ஒரு சொல்லில்தான் அவர் மனம் இடறியது. பத்தொன்பது வருடத்தில் பட்டறைக்கு வந்த எவனும் போதும் என்று சொன்னதில்லை. இருநூறு குதிரைத்திறன் என்பான், மாட்டிய மூன்றாம் வாரம் முந்நூறு இல்லையே என்று வந்து நிற்பான். தினமும் போகும் சடக்குச் சாலையில் மட்டும்தான் ஓட்டுவேன் என்று சத்தியம் செய்வான், ஞாயிறு திடலில் நிற்பான். இவள் போதும் என்கிறாள் என்றால் பின்னால் நிஜமாக ஓட்டப்போகிறவன் எவனோ இருக்கிறான். முதல் பந்தயத்தில் தோற்றுவிட்டு, லாபு சத்தியசீலன் சின்ன டர்போ மாட்டி ஏமாற்றிவிட்டான் என்று சிரம்பான் வரைக்கும் சொல்வார்கள்.

"பதினாறுதானேண்ணே சரியா வரும்?" என்று புனிதா கேட்டாள். பதினாறு, இருபது என்பது அந்தத் தொழிலில் காற்றுச் சக்கரத்தின் அளவுக்கு வழங்கும் எண்.

"அளவ நான் பாத்துக்கிறேன். சனிக்கிழம வா."

அன்று மத்தியானம் அவர் கணக்குப் போட்டார். அவள் கேட்ட வேகத்துக்கு நிமிடத்துக்கு இருபத்து மூன்று பவுண்டு காற்று வேண்டும். பதினாறாம் அளவு முப்பத்து நான்கு வரை தரும், தாராளம். பென்சிலை அங்கே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆலை மேட்டுப் பழக்கம் கையைப் பிடித்து எழுதவைத்தது. பொய்க்கு என்று பாதியைச் சேர்த்தார். முப்பத்து நான்கரை வந்தது. பதினாறு பத்தாது, இருபதுதான் என்று முடிவாயிற்று.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி மோகனா தாளை எடுத்துப் படித்தாள்.

"இந்தப் பொண்ணு சின்னதுதானே கேக்குது?"

"கேக்கும். எல்லாம் கொறச்சுத்தான் சொல்லும்."

"உங்களுக்குப் பொய் சொன்னாலும் ஆகாது, உண்மை சொன்னாலும் ஆகாது. கல்யாணத்துக்கு எனக்கு என்னா வயசுன்னு சொன்னப்பகூட எங்கப்பாகிட்ட சூராட் பெரானாக் கேட்ட ஆளுதானே."

பிறப்புப் பத்திரம் கேட்டது உண்மைதான். அவர் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று பார்த்தார்.

இருபதாம் அளவு டர்போவைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கிவந்தார். மேலே ஒட்டியிருந்த தகட்டை நம்பாமல் சக்கரத்தின் வாயை வெர்னியரால் அளந்தார். ஐம்பத்திரண்டரை மில்லிமீட்டர், சரி. தண்டை ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. எண்ணெய்க் குழாயை ஊதிப் பார்த்தார், அடைப்பில்லை. வெள்ளிக்கிழமை மாட்டி முடித்தபோது அந்த வேலையில் குற்றம் சொல்ல ஓர் இடமும் இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புனிதா ஓட்ட, சத்தியசீலன் பக்கத்தில் உட்கார்ந்தார். செம்பனைக்கு நடுவே நேராகப் போகும் இடத்தில் அவள் மிதித்தாள். நாலாயிரத்து அறுநூறைத் தாண்டியதும் கார் பின்னாலிருந்து யாரோ உதைத்தமாதிரிப் பாய்ந்தது.

"எப்படி?" என்றார், கொஞ்சம் கர்வத்துடன்.

அவள் கண் காற்றழுத்த முள்ளில் இருந்தது.

நீலாய் போகும் குறுகலான சடக்கில் முன்னால் ஒரு குலை லாரி ஊர்ந்தது. எதிரே காலியாக இருந்தது. மூன்றாவது கியர், இரண்டாயிரத்து எண்ணூறு. அவள் காரை வெளியே எடுத்து மிதித்தாள். முள் அசையவில்லை. கார் லாரியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, முந்தவும் மாட்டாமல் பின்தங்கவும் மாட்டாமல் போயிற்று. வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் தலைகாட்டியது. ஓட்டியவர் முதியவர், பின்னால் புல்லுக்கட்டு. புனிதா பிரேக்கை அழுத்தி லாரிக்குப் பின்னால் நுழைந்தாள். மோட்டார்க்காரர் ஓரத்துப் புல்லில் இறங்கி, ஏறி, மலாயில் ஏதோ திட்டிக்கொண்டே போனார்.

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாவது கியருக்கு இறக்கியிருக்கணும்" என்றார் சத்தியசீலன்.

"தாள்ல எந்த கியர்னு எழுதியிருந்தேன்?"

"மூணு."

"எத்தனையில மிதிப்பேன்னு எழுதியிருந்தேன்?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு."

"அப்ப படிச்சீங்க. படிச்சிட்டு எத மாட்டினீங்க?"

"இருபது."

"ஏண்ணே?"

அவர் குலை மேட்டில் போட்ட கழிவைப் பற்றியும், குறைத்துச் சொல்கிறவர்களைப் பற்றியும், பின்னால் ஒருவன் இருப்பான் என்று நினைத்ததையும் மறைக்காமல் சொன்னார்.

புனிதா முழுவதும் கேட்டாள். "தினமும் நாலு தடவ இதே மாதிரி நான் வெளிய எடுக்கணும்ண்ணே. வருசத்துக்கு ஆறு தடவதான் திடலு. அந்தக் கிழவர் மேல மோதியிருந்தா, அவருக்கும் நூத்துக்கு இத்தனைன்னு கழிவு போடுவீங்களா?"

இருவரும் பட்டறைக்குத் திரும்பினார்கள். எஞ்சின் சூடு ஆறும்வரை அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறியதும் தன் கையால் மாட்டியதைத் தன் கையாலேயே கழற்றினார். சாலையில் போன தெரிந்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னா சீலா, நேத்துத்தானே மாட்டினே?" என்றார். "அளவு தப்பு" என்று சொன்னார் சத்தியசீலன். இப்படி ஒரு வார்த்தை அந்தப் பட்டறையிலிருந்து அதுவரை வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை பதினாறாம் அளவு ஏறியது. இந்தத் தடவை கணக்கில் அவள் எழுதிய எண்களை மட்டுமே எடுத்தார். அவற்றோடு ஒன்றைக் கூட்டவோ கழிக்கவோ இல்லை. மறுபடியும் அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாயிரத்து எண்ணூறில் மிதித்ததும் முள் எழுந்தது. மூவாயிரத்து முந்நூறில் முழு அழுத்தம். ஆறாயிரத்துக்கு மேல் கொஞ்சம் சோர்ந்தது. அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் திடலிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"பதிமூணு புள்ளி எட்டுண்ணே."

வந்துவிட்டதா என்று அவருக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டான். "பத்தலதானே? இருபதா இருந்தா..."

"அட, இல்ல லா. ஸ்டார்ட்ல டயர் சுத்திருச்சு. அது என் கால் செஞ்ச வேல. டர்போ சரியாத்தான் இருக்கு."

"அங்க நேரம் போட்டுக் குடுத்த சீட்ட படம் எடுத்து அனுப்பு. போன தடவ ஓடின சீட்டும் அனுப்பு."

"தெரியும். ரெண்டும் அனுப்பியாச்சு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் அறுபது அடிக்குப் போன தடவை இரண்டு புள்ளி மூன்று விநாடி, இன்றைக்கு இரண்டு புள்ளி ஐந்து. அங்கே வீணாகும் நேரம் கடைசியில் ஒன்றரை மடங்காகக் காட்டும். பென்சிலால் போட்டுப் பார்த்தார். பதின்மூன்று புள்ளி எட்டில் புள்ளி மூன்றைக் கழித்தால் பதின்மூன்றரை.

"மோகனா, அந்தப் பொண்ணு உண்மையத்தான் சொல்லியிருக்கு."

"இத கண்டுபிடிக்க ஒரு கிழவர புல்லுல இறக்கிவிட்டீங்களாக்கும்" என்றாள் மோகனா, உள்ளேயிருந்து.

திங்கட்கிழமை காலை அவர் பட்டறைக் கதவைத் திறந்துவிட்டு, வேலையைத் தொடங்காமல் சடக்கோரம் நின்றார். ஏழேகாலுக்குப் புனிதாவின் சத்ரியா வந்தது, அதற்கு முன்னால் குலை ஏற்றிய லாரி ஒன்று. அவள் அவரைப் பார்த்தாளோ இல்லையோ, தெரியவில்லை. எதிரே பார்த்து வெளியே எடுத்தாள். கியரை இறக்கும் சத்தம் வருகிறதா என்று சத்தியசீலன் காதைக் கூர்மையாக்கினார். வரவில்லை. மூன்றாவதிலேயே லாரியைத் தாண்டி, வளைவுக்கு வெகு முன்னாலேயே தன் பக்கத்துக்குத் திரும்பிவிட்டாள்.