அவரைப் பட்டாளத்தில் சேர விடாதேயும்

பலேர்மோவிலும் இத்தாலியின் மற்ற ஊர்களிலும் இருந்து இதை வாசிக்கிற என் சகோதரங்களுக்கு, ஜெசிந்தா எழுதுகிறேன். பூசை முடிந்தபின் முன்னால் வந்து நின்று பேசும்படி பலமுறை கேட்டார்கள். எழும்பி நின்றால் எனக்கு அழுகைதான் வருகிறது, பேச்சு வருவதில்லை. அதனால் ஆண்டவர் எங்கள் வீட்டில் செய்ததை எழுதியே தருகிறேன்.

2015ஆம் ஆண்டு, வைகாசி மாதம். மாதா வணக்க மாதம் என்பதால் ஒவ்வொரு நாளும் மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் செபமாலை நடக்கும். அன்று நான் சீசா என்கிற பகுதியில் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுகிற ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் துப்புரவு வேலையை முடித்து, பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகள் ஷரோனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் கணவர் அமலனைக் காணவில்லை. அவருக்கு மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. சில நாள் பிந்தித்தான் வருவார். ஆனால் தொலைபேசியை ஒருநாளும் நிறுத்தி வைப்பதில்லை. அன்று அது நிறுத்தியிருந்தது.

அவரோடு வேலை செய்கிற ரவி அண்ணனுக்கு அழைத்தேன்.

“அவன் நேற்றே வேலையை விட்டிட்டானே, தங்கச்சி. உனக்குச் சொல்லேல்லையோ?”

காலையில்தானே தேத்தண்ணி குடித்துவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனார்? வேலைக்குப் போகிற அதே சட்டை. அதே சப்பாத்து. பொலிஸ்காரர் பிடித்துக் குவெஸ்தூராவில், அவர்களுடைய தலைமையகத்தில், வைத்திருக்கிறார்களோ, கடலில் ஏதும் நடந்ததோ என்றெல்லாம் நினைத்தேன். மனித மனம் நினைக்கக்கூடிய எல்லாவற்றையும் நினைத்தேன். நடந்தது மட்டும் என் நினைப்பில் வரவேயில்லை.

மறுநாள் மத்தியானம் அவரே அழைத்தார்.

“ஜெசி, நான் பிரான்சிலை நிக்கிறன்.”

“என்ன?”

“இஞ்சை வெளிநாட்டுக்காரரைச் சேர்க்கிற பட்டாளம் ஒண்டு இருக்கு. சேரப் போறன். மூண்டு வருசம் ஒழுங்கா நிண்டா அந்த நாட்டுக் குடியுரிமைக்குக் கேக்கலாமாம். பிள்ளைக்கு ஒரு நாடு கிடைக்கும்.”

கத்தினேன்.

“உங்களுக்குத் துவக்கைக் கண்டாலே கை நடுங்குமே அப்பா!”

“நடுங்கினாலும் பிடிப்பன். போனை வாங்கிப் போடுவாங்கள். அழாதை. பிள்ளையைப் பார்.”

அவ்வளவுதான்.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று உங்களுக்கு விளங்க வேண்டும். நாங்கள் முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்கள். 2009இல், சண்டையின் கடைசி மாதங்களில், பங்கருக்குள் தாயோடு இருந்த இவரை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. பயிற்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. கையில் ஒரு துவக்கு, அவ்வளவுதான். முதுகில் காயப்பட்டார். தைத்துவிட்டார்கள். அங்கிருந்து தப்பி வந்தவரை இராணுவம் பிடித்து முகாமில் அடைத்தது. இரண்டு பக்கமும் இவருக்குத் துவக்கைத்தான் காட்டியது. ஆடி மாதத்தில் இந்த ஊரின் காவல் புனிதை ரொசலியா அம்மாவின் திருவிழாவுக்குக் கடற்கரையில் வாணவேடிக்கை விடுவார்களே, ஊரே பார்க்கப் போகும். இவர் மட்டும் வீட்டில் யன்னலைப் பூட்டி, காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு நிலத்தில் இருப்பார். அந்த மனிதர் தானாகவே நடந்து போய்ப் பட்டாளத்தின் வாசலில் நிற்கிறார் என்றால் நான் என்னவென்று நம்புவேன்?

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. 2012இல் இங்கே வந்து அகதிக்கு விண்ணப்பித்தோம். ஷரோன் இங்கேதான் பிறந்தாள். விசாரித்தவர்கள் இவருடைய கதையை நம்பவில்லை. காயத்தைக் காட்டச் சொன்னார்கள். முதுகில் இருந்த சின்னத் தழும்பைப் பார்த்துவிட்டு, மரத்திலிருந்து விழுந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். மறுத்துவிட்டார்கள். எங்கள் வழக்கறிஞர் ஒரு பெண். நீதிமன்றத்தில் மேன்முறையீடு போட்டார். “ஆதாரம் ஒன்றும் இல்லையே” என்று அவரும் கவலைப்பட்டார். அந்த நாளிலிருந்து இவர் பேசுவது குறைந்துபோனது. பாரிசில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பியோடு மட்டும் அடிக்கடி கதைப்பார். பட்டாளக் கதை அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

அந்தத் தம்பிக்கு அழைத்து ஏசினேன். அவனும் பயந்துபோய்த்தான் இருந்தான்.

“அக்கா, நான் சும்மா கதைச்சனான். உண்மையாப் போவாரெண்டு ஆர் கண்டது? உள்ளை எடுத்தா வேறை பேர் குடுப்பாங்களாம். கொஞ்சக் காலம் கதைக்கவும் விடமாட்டாங்கள்.”

வேறு பெயர்! என் பிள்ளையின் தகப்பன் எங்கேயோ வேறு பெயரில் இருக்கப் போகிறார். போதாததற்கு, வழக்கு முடியும் முன்னர் நாட்டைவிட்டுப் போனவர் என்று தெரிந்தால் மேன்முறையீடும் போய்விடும். எனக்கும் பிள்ளைக்கும் இருந்ததெல்லாம் அந்த வழக்கு ஒன்றுதான்.

அன்று மாலை செபமாலைக்குப் போனேன். எங்கள் குழுவை நடத்துகிற பிலோமினா அக்காவுக்கு விசயம் தெரிந்துவிட்டது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

“பிள்ளையள், இது ஆண்டவர் திறந்த வாசல். அமலனை அவங்கள் எடுக்க வேணும். எல்லாரும் அதுக்குச் செபமாலையிலை ஒரு பத்து மணி சொல்லுங்கோ.”

எல்லோரும் உருக்கமாகச் சொன்னார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். என் வாய் திறக்கவில்லை. ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் மகளின் சட்டைப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெல்லெக்ரினோ மலையில் இருக்கிற ரொசலியா அம்மாவின் குகைக் கோவிலுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறவில்லை. பழைய கல்வழியால், செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கி நடந்தேன். அங்கே எப்போதும் எங்கள் சனம் நிற்கும், சைவக்காரரும் வருவார்கள். குகைக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலையில் விழாமல் தகரப் பீலிகள் அதை ஏந்திக் கொண்டுபோயின. புனிதையின் சிலை படுத்திருக்கிற கண்ணாடிப் பேழைக்கு முன்னால் முழந்தாளில் நின்றேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சகோதரங்களே. ஒரு மனைவி கேட்கக்கூடாததை நான் கேட்டேன். “ஆண்டவரே, அவரைப் பட்டாளத்தில் சேர விடாதேயும். அவர் எதற்கும் உதவாதவர் என்று அவர்கள் சொல்லட்டும். அவரைத் துரத்தட்டும். குடியுரிமை வேண்டாம். ஆளைத் தாரும்.” இப்படியேதான். பிள்ளை என் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கீழே இறங்கும்போது குற்றவாளி போல இருந்தது. கணவர் தோற்க வேண்டும் என்று கேட்டவள் நான்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம், சிஞ்ஞோராவின் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கம் ஒன்று அழைத்தது.

“ஜெசி... வேண்டாமெண்டிட்டாங்கள்.”

என் கையிலிருந்த படுக்கைவிரிப்பு தெருவில் விழுந்தது. ஆண்டவருக்கு நன்றி என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

“ஏனப்பா?”

“படம் எடுத்துப் பாத்தாங்கள். என்ரை உடம்புக்குள்ளை இரும்பு கிடக்காம்.”

“என்ன இரும்பு?”

“சண்டையிலை வெடிச்ச செல் துண்டு. முதுகுப் பக்கத்தாலை போய் நுரையீரலோடை ஒட்டிக்கொண்டு நிக்குதாம். டொக்டர் என்னைப் பாத்து, நீ எப்பிடி இவ்வளவு நாளும் பாரம் தூக்கினாய் எண்டு கேட்டவர்.”

பல்கனியிலேயே இருந்துவிட்டேன். மகிழ்ச்சி எங்கே போனதென்று தெரியவில்லை. அவரைத் தள்ளிவிடும்படி நான் மலையில் கேட்டது போன ஞாயிறு. அதற்கான விடை ஆறு வருடமாக அவருடைய நெஞ்சுக்குப் பின்னால் இருந்திருக்கிறது! நான் கேட்பதற்கு முன்னரே. எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கும் முன்னரே. ஒவ்வொரு குளிர்காலமும் அவர் இருமுகிறபோது மார்பில் தைலம் பூசிவிட்டேனே, அப்போதெல்லாம் என் கைக்கு அந்தப் பக்கத்தில் அது கிடந்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்குப் பயம் பிடித்தது. ஆண்டவர் மீது நம்பிக்கை வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது பயம்தான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ரயிலில் வந்தார். பக்கத்து ஊரான பகேரியாவைத் தாண்டிவிட்டேன் என்று யாருடையதோ தொலைபேசியில் சொன்னார். நிலையத்துக்குப் பிள்ளையோடு போனேன். தலைமயிரை முழுதாக வழித்திருந்தார்கள். ஷரோன் அவரைப் பார்த்து வீரிட்டு அழுது என் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஒரு நாடும் என்னை எடுக்கேல்லை, ஜெசி. சாக வாறன் எண்டு சொல்லியும் எடுக்கேல்லை.”

“நான்தான் எடுக்க விடவேண்டாமெண்டு கேட்டனான்” என்றேன். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார், அடிக்கவும் கூடும் என்று நினைத்தேன். அவர் சனம் போய்வருகிற அந்த மேடையில், பெட்டியின் மேல் இருந்து, குழந்தை போல அழுதார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் அழுததை நான் அன்றுதான் கண்டேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் மறுபடியும் படம் எடுத்தார்கள். துண்டு அசைந்திருக்கிறது, இனியும் விட்டால் நுரையீரலைக் கிழிக்கும் என்றார்கள். ஆனி மாதம் சத்திரசிகிச்சை நடந்தது. பிலோமினா அக்கா என்னோடு வெளியில் இருந்தார். வைத்தியர் வந்து சின்னக் குப்பி ஒன்றைக் காட்டினார். புளியங்கொட்டை அளவில், கறுத்து, ஓரம் கூராக ஒரு துண்டு. “இதோடு இவர் உயிரோடு இருந்ததே அதிசயம்” என்றார். அது வெடிபொருளின் துண்டு என்று அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

அதை வாசித்த வழக்கறிஞர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். “இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” என்றார். எங்களுக்கே தெரியாதே! எந்த உடம்பைப் பார்த்து விசாரித்தவர்கள் பொய் என்றார்களோ, அந்த உடம்பே எங்களுக்காகச் சாட்சி சொல்ல வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் மாசியில் நீதிமன்றம். நீதிபதியும் ஒரு பெண்தான். வைத்தியர் எழுதியதைப் பார்த்துவிட்டு, “இது உள்ளே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியவந்தது?” என்று கேட்டார். இருமலுக்குப் படம் எடுத்தோம் என்று இவர் சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்வார் என்று நானும் நினைத்தேன். இவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, “நான் பிரான்சுக்குப் போனனான் எண்டு சொல்லுங்கோ. பட்டாளத்திலை சேரப் போனனான்” என்றார்.

வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். “போருக்குப் பயந்து ஓடிவந்ததாகச் சொல்கிற நீங்கள், ஏன் இன்னொரு இராணுவத்துக்குப் போனீர்கள்?”

“அம்மா, எனக்குப் போர் வேண்டாம். என்ரை பிள்ளைக்கு ஒரு நாடு வேணும். என்னட்டைக் குடுக்க உடம்பு மட்டும்தான் இருந்தது. அதையும் அவங்கள் வேண்டாமெண்டிட்டாங்கள்.”

மொழிபெயர்த்தவர் ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னார். நீதிபதி வேறு கேள்வி கேட்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் நான் பஸ்ஸில் நெருக்கத்தில் நிற்கிறேன். வழக்கறிஞர் அழைத்தார். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள், மூன்று பேரையும். ஐந்து வருடத்துக்குப் பெர்மெசோ, இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம். எனக்குக் காது அடைத்துப்போனது. திரும்பவும் சொல்லுங்கள் என்று கேட்டேன். திரும்பவும் சொன்னார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சிசிலிக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா ஏதென்று கேட்காமலே என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். இறங்க வேண்டிய தரிப்பு எப்போதோ போய்விட்டது.

செபக்குழுவில் என் உண்மையான செபம் எதுவென்று அதன் பிறகுதான் சொன்னேன். பிலோமினா அக்கா வாயில் கையை வைத்தார்.

“அடி பாவி! நாங்கள் எல்லாரும் வாசலைத் திறவும் எண்டு கத்த, நீ ஒருத்தி பூட்டும் எண்டு கேட்டனியோ?”

“ஓம் அக்கா.”

“ஆண்டவர் உன்ரையை அல்லோ கேட்டிருக்கிறார்!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அண்டைக்கு உன்னட்டை ஒரு வார்த்தை கேக்காமல் எல்லாரையும் சொல்ல வைச்சிட்டன், என்ன?” என்று என் கையைப் பிடித்தார்.

இன்றைக்கு 2018. இத்தாலிக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. அதற்கு இன்னும் வருடங்கள் ஆகும், கிடைக்கும் என்று நம்பியிருக்கிறோம். அமலன் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். முன்பெல்லாம் பூசைநேரம் கோவிலுக்கு வெளியில் நின்று சிகரெட் பிடிப்பவர், இப்போது உள்ளே வருகிறார். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. எங்கள் ஊரிலிருந்து புதிதாக வருகிற பொடியன்களைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். “வெளியிலை தழும்பு சின்னனெண்டு விடாதை. உள்ளை பாத்திட்டுத்தான் மற்றக் கதை” என்பார். தன் கதையை மற்றவருக்குச் சொல்ல முன்பு வெட்கப்பட்டவர், இப்போது கேட்காதவருக்கும் சொல்கிறார்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, மற்றவர் எல்லோரும் கேட்பதையே தானும் கேட்டுக்கொண்டு, மனதில் இருப்பதைச் சொல்லப் பயந்துகொண்டு இருக்கலாம். அந்தச் செபம் அழகாக இருக்காது. சபையில் சொல்லக்கூடியதாகவும் இருக்காது. ஆனாலும் சொல்லுங்கள். ஆண்டவர் உங்கள் குரலைக் கேட்க ஆசைப்படுகிறார். எனக்கு அவர் தந்த விடை என்னை முதலில் பயமுறுத்தியது, பிறகுதான் காப்பாற்றியது. உங்களுக்கு எப்படித் தருவாரோ எனக்குத் தெரியாது. தருவார் என்பது மட்டும் தெரியும். அவருக்கே நன்றி.